லாசர் பொட்டல்

வெள்ளைக்காரன் போன புதுசு. சில்லோடைப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல மூக்கையான்னு ஒரு பயில்வான் இருந்தாராம். ஆளு எப்படி? வாசல்ல நின்னா வீட்டுக்குள்ள இருட்டிரும். அப்படி ஆளு.

மதுரை, சேலம், கொழும்புன்னு அவர் குஸ்தி போடாத ஊரில்லை. போற ஊருக்கெல்லாம் கூடவே எதிராளியும் போவானாம். மொட்டைத் தலை, தொங்கு மீசை. நோட்டீசுல "மங்கோலியா ராட்சசன்"னு போட்டிருக்கும். ராட்சசன் யாரு? கோலார் தங்கவயல்ல பிறந்த லாசர். நம்ம தமிழன்! ரெண்டு பேரும் ஒரே சட்டியில சோறு பொங்கித் தின்னவங்க. யார் எப்ப விழணும்னு சோத்துக்கு நடுவுலயே பேசி முடிச்சிருவாங்களாம்.

ஒரு சத்தியம் மட்டும் உண்டு. வெளியாள் காதுபட லாசர் தமிழ் பேசக் கூடாது. உறுமலாம், அவ்வளவுதான். ராட்சசன் தமிழ் பேசினா எவன் டிக்கெட் வாங்குவான்?

இப்படி எட்டு வருசம் ஊர் ஊராச் சுத்தின பிறகு மூக்கையாவோட சொந்த ஊர்லயே குஸ்தி. வடக்குப் பொட்டல்ல மண்ணைக் கொத்தி, எண்ணெய் ஊத்தி, கோதா போட்டாங்க. மூக்கையாவுக்குப் பெருமை தாங்கல.

"லாசரு, இது என் ஊருடா. இன்னைக்கு நீ நல்லாக் கெட்டவனா இருக்கணும். ஊரே கொதிக்கணும்."

"கொதிக்க வச்சிருவோம்ண்ணே. எறக்கி வைக்கிறது உங்க பாடு."

அங்கதான் தப்பு. வெளியூர்ல பாக்கிறவன் டிக்கெட் வாங்குன ஆளு. இங்க பாக்கிறவன் மாமன், மச்சான், பங்காளி. லாசர் மண்ணை அள்ளி மூக்கையா கண்ணுல போட்டான். கழுத்துல கால வச்சான். பேசினபடியே மூக்கையா மயங்கிக் கிடந்தாரு. ஊரு என்ன பாத்தது? நம்ம பய சாகக் கிடக்கான்!

"ஏலே, வேடிக்கையா பாக்குறீங்க?"ன்னு மூக்கையாவோட மச்சினன் ஒச்சப்பன் வண்டிக்கம்போட குதிச்சானாம். அவன் பின்னாடி நூறு பேரு. அடின்னா அடி.

மூக்கையா கண்ணைத் திறந்தா, லாசருக்கு மண்டை பொளந்து ரத்தம். வாயில என்ன? உறுமல். "ஐயோ, அம்மா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அத்தனை கையும் நின்னிரும். சொல்லலையே! உறுமுறான், உறுமுறான். சத்தியமாச்சே.

மூக்கையாவுக்கு நேரமில்லை. வாயைத் திறந்தா கொழும்பு வரைக்கும் சம்பாதிச்ச பேரு போச்சு. மூடிக்கிட்டா இவன் போயிட்டான்.

"லாசரு! தமிழ்ல கத்துடா!"

கூட்டம் அப்படியே நின்னுச்சு. லாசர் ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னானாம்: "கம்பைக் கீழ போடச் சொல்லுங்கண்ணே. உங்க மச்சினனுக்கு நம்மளவிட நல்ல கை. பேசாம நம்ம குஸ்திக் கம்பெனியில சேத்துருவோம்."

ஒச்சப்பன் கையில இருந்து கம்பு விழுந்துருச்சு. "அப்ப நீ ஜெயிச்சதெல்லாம் பொய்யா மச்சான்?"

மூக்கையா நிமிந்து நின்னாராம். "ஜெயிச்சது பேசி வச்சதுதான் மாப்ள. இவன் என்னைத் தலைக்கு மேல தூக்கி எறிஞ்சது நெசம். எட்டு வருசத்துல ஒரு எலும்பு முறியாம எறிஞ்சதும் நெசம். இன்னைக்கு நான் நடமாடுறது இவன் கையாலதான். இது பிடிக்காதவன் வீட்டுக்குப் போ."

சொல்லிட்டுக் குனிஞ்சாரு. லாசரைத் தூக்கித் தோள்ல உக்கார வச்சாரு. கோதாவை மூணு சுத்து சுத்தி, அப்படியே தெருவழியா வைத்தியர் வீட்டுக்கு நடந்தாராம். பாதி வழியில ஒச்சப்பனும் தோள் கொடுத்தான்னு சொல்றாங்க. கொடுக்கலைன்னும் சொல்றாங்க.

அதுக்கப்புறம் எந்தக் குஸ்திக் கம்பெனியும் மூக்கையாவைக் கூப்பிடல. அவரும் தேடிப் போகல.

இன்னைக்கும் தை மாசம் அந்த ஊர்ல குஸ்தி நடந்தா, ஜெயிச்சவன் தோத்தவனைத் தோள்ல ஏத்தி மூணு சுத்து வரணும். வந்தாத்தான் ஜெயிச்சதாச் சேத்தி. பொட்டலுக்குப் பேரு லாசர் பொட்டல். உங்க ஊர்க்காரர் பேரை ஏன் வைக்கலைன்னு கேட்டுப் பாருங்க.

"ஜெயிச்சவன் பேரை வச்ச ஊரு ஆயிரம் இருக்கு. அங்க போய்க் கேளுங்க"ம்பாங்க.