ஆறு மணிக்குள் வீடு

சூடாகச் சாப்பிட ஆள் இருந்தால் சமைப்பதில் அலுப்பே தெரியாது, மேடம். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுத்துப்போய்ச் சுவரில் மோதிய என் மகளை, நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரான உங்கள் கண்காணிப்பில் விட்டது. அவளுக்குப் பதினேழு வயது. பதினாறு நிபந்தனைகள். ஆறு மணிக்குள் வீடு என்பது நான்காவது. பத்து மணிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள், ஆறு மணிக்கு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது.

அதனால் கண்காணிப்புக் கெடு முடியும் சமயமெல்லாம் உங்களுக்குப் போன் செய்தேன். ஐந்து நிமிடம் தாமதம், எதிர்த்துப் பேசினாள் என்று. நீங்கள் எழுதி அனுப்ப, கெடு இரண்டு முறை நீண்டது.

பிறகு புது விதிகள் வந்தன. பதினாறு மூன்றாகச் சுருங்கியது.

"சின்னப் பசங்கன்னா அஞ்சு நிமிஷம் முன்னபின்ன ஆகத்தான்மா செய்யும். அதையெல்லாம் இனிமே எழுத மாட்டோம். புதுசா குத்தம் செஞ்சாதான் கணக்கு," என்றீர்கள். மாதக் கடைசியில் கோப்பை மூடுவதாகவும் சொன்னீர்கள். அவளுக்கோ வெளியூரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள்.

முன்பு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. என்னைத் திருடும் அளவுக்குக் கொண்டுவந்தது உங்கள் தாராள மனசுதான். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். ஒரு உதட்டுச்சாயம் எடுத்தேன். அவள் நிறத்துக்குப் பொருந்துமா என்றுகூடப் பார்த்துத்தான் அவள் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் குரலை மாற்றிக் கடைக்குப் போன் செய்தேன். போலீஸ் வந்து பையைத் திறந்தது.

கூர்நோக்கு இல்லத்தில் பதினொரு நாள் இருந்தாள். பயிற்சி அதற்குள் தொடங்கி, அவள் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் எடுக்கலம்மா. நீயாவது நம்பும்மா."

ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. "நம்புறேன்டா கண்ணு," என்றேன். அதில் பொய்யே இல்லை. அவள் எடுக்கவில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

கடையின் கேமராவைப் பார்த்துவிட்டு அவளை விடுவித்து, என்னை உட்காரவைத்திருக்கிறீர்கள். ஆமாம், எடுத்தது நான், பையில் போட்டது நான், காட்டிக்கொடுத்ததும் நான். அவள் நேராகச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பது முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை, மேடம். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்காது.