தொட்டியைத் திறந்த ஞாயிறு

காலை எட்டு இருபது. தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. நான் கட்டிலின் மேல் மண்டியிட்டிருக்கிறேன். இரண்டு கையும் ஜன்னல் கம்பியில். வலி வருகிறது. போகிறது. மறுபடி வருகிறது. இடைவெளி நான்கு நிமிடம். எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடுகிறது, அதனால் தெரியும்.

உள்ளே வருவது மழைத்தண்ணீர் இல்லை. மழைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். இது சாம்பல் நிறம். ஓரமெல்லாம் நுரை. நுரையின் மேல் மயிர். மாட்டு மயிர். கொத்துக் கொத்தாக. நடுவில் வெள்ளையாகச் சிலது மிதக்கிறது. தோலின் உள்பக்கத்திலிருந்து சுரண்டி எடுத்த சவ்வு. என் செருப்பு அதோடு சேர்ந்து அடுப்பு மேடையைச் சுற்றிவிட்டுக் கட்டிலுக்கு வருகிறது. அழுகிய முட்டை நாற்றம். கண் எரிகிறது. வாந்தியெடுத்தேன். அதுவும் அதில்தான் விழுந்தது.

என் பெயர் ரேவதி. வயது இருபத்தேழு. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில் குடியிருக்கிறேன். பத்து வீடு. ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஷூவின் மேல்தோலை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் சேகர் டேனரியில் வேலை செய்கிறார். தோல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதை மறைத்துவிட்டு நான் பேச வரவில்லை.

இதைப் போர் என்று சொன்னால் சிரிப்பார்கள். குண்டு விழவில்லை, வாஸ்தவம். ஆனால் எங்கள் மேல் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். திறந்தவர்களுக்கு நாங்கள் அங்கே இருப்பது தெரியும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி மாதக் கடைசி. மூன்று நாளாக அடைமழை. காலை ஆறு மணிக்கு சேகரின் போன் அடித்தது. சூப்பர்வைசர். சேகர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"ஒரு மணி நேர வேலதான். வந்துர்றேன். நீ படு."

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. எனக்கு முதுகில் லேசாக வலி இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் நான். வளைகாப்பு முடிந்த அன்றே அணைக்கட்டு ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். கையில் இருக்கிற லாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். இருபது ஜோடி பாக்கி இருந்தது.

பெயர்கூட வைத்துவிட்டோம். ஸ்கேன் கவரின் பின்பக்கம் சேகர் பேனாவால் எழுதினார். பெண் என்றால் மதி. ஆண் என்றால் கதிர். எது முதலில் வந்தாலும் அடுத்தது மற்றது. இரண்டோடு நிறுத்திக்கொள்வது என்று பேச்சு.

ஏழு நாற்பது. சந்து முனையிலிருந்து ஒரு குரல்.

"தொறந்துட்டானுங்க! கதவ மூடு! கதவ மூடு!"

எங்கள் சந்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. டேனரிக்குப் பின்னால் ஒரு தொட்டி இருக்கிறது. தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீர், மயிர், சாயம், கழுவிய அழுக்கு எல்லாம் அதில் நிற்கும். லாரி வைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது. பெரிய மழை பெய்தால், அதிலும் சோதனைக்கு ஆபீஸ்காரர்கள் வராத ஞாயிறாக இருந்தால், வால்வைத் திறந்துவிடுவார்கள். மழையோடு மழையாகக் கால்வாயில் போய்ப் பாலாற்றில் கலந்துவிடும். நாற்றம் முதலில் வரும். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் வரும். அதற்குள் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, இடுக்கில் துணியைத் திணித்துவிட்டு, டிவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். வருஷக்கணக்காக அப்படித்தான். ஒருவர்கூட வெளியே வந்து கேட்டதில்லை.

தாழ்ப்பாள் போடும் சத்தம் வரிசையாகக் கேட்டது. டக். டக். டக். ஒன்பது எண்ணினேன். பத்தாவது என்னுடையது. நானும் மூடினேன். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். பழைய நைட்டியை இடுக்கில் திணித்தேன். குனிந்தேன் பாருங்கள், அப்போதுதான் பனிக்குடம் உடைந்தது. ஏழு ஐம்பது.

சேகருக்குப் போன் போட்டேன். ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மொத்தம் பதினோரு முறை. ஏன் எடுக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தொட்டி திறக்கிற நாளில் யாரும் வீடியோ எடுத்துவிடக் கூடாது. அதனால் கேட்டிலேயே எல்லார் போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு மூடிவிடுவார்கள். நான் வலியில் கூப்பிட்டது முழுக்க அந்தப் பக்கெட்டுக்குள் அடித்திருக்கிறது. பக்கத்தில் வாட்ச்மேன் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஆம்புலன்சுக்குப் போட்டேன். வருகிறோம் என்றார்கள். அதோடு என் போன் செத்தது. கரண்ட் இல்லை, முந்தின நாள் சார்ஜ் போட மறந்திருந்தேன்.

எட்டு ஐந்து. கத்தினேன். மழை கூரையில் விழும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தையல் பெட்டியில் சுத்தியல் இருந்தது. தைத்த மடிப்பைத் தட்டிப் படிய வைக்கிற சின்னச் சுத்தியல். அதை எடுத்துப் பக்கத்துச் சுவரில் அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஷமீம் அக்கா. அவளும் மேல்தோல் தைப்பவள்தான். மூன்று பிள்ளை பெற்றவள். என்னை விடப் பதினைந்து வயது மூத்தவள். அடித்தேன். அடித்தேன். வலி வரும்போது நிறுத்தினேன். போனதும் அடித்தேன்.

அவள் வரவில்லை.

அவளுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டிருக்கிறது. எங்கள் சந்தில் விடிந்தால் எழுந்தால் சுத்தியல் சத்தம்தான். நான் லாட் முடிக்கிற அவசரத்தில் தட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "வவுத்துப் புள்ளக்காரி, ஞாயித்துக்கிழம கூட உழைக்குது பாரு"ன்னு பரிதாபப்பட்டேன் என்று பிறகு சொல்லி அழுதாள். நாற்பது நிமிடம் சுவரில் அடித்தேன். நாற்பது நிமிடமும் அவள் என் மேல் பரிதாபப்பட்டிருக்கிறாள்.

தண்ணீர் எப்போதும் கால்வாயோடு போய்விடும். இந்த முறை உள்ளே வந்தது. போன வருஷம் மெயின் ரோட்டை ஒரு முழம் உயர்த்திப் போட்டார்கள். ரோடு மேடானது. சந்து பள்ளமானது. அது மட்டுமா, ரோட்டுக்குக் கீழே இருக்கிற குழாயைச் சவ்வும் மயிரும் அடைத்திருந்தது. எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எட்டு நாற்பத்தைந்து. ஷமீம் அக்காவின் வீடு ஒரு படி உயரம். அங்கேயும் தண்ணீர் ஏறியது. வாளியோடு வெளியே வந்தாள். அப்போதுதான் என் குரல் அவளுக்குக் கேட்டது.

"ரேவதி! கதவத் தொற! தொறடீ!"

உள்ளே தாழ்ப்பாள். போட்டவள் நான். திறக்க வேண்டியவளும் நான். கட்டிலிலிருந்து கால் இறக்கினேன். முழங்காலுக்குக் கீழே வரை ஏறியது. வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூட்டை இன்னும் என் காலால் மறக்க முடியவில்லை. விரல் இடுக்கில் வழவழவென்று ஏதோ புகுந்து வெளியேறியது. ஆறு அடி தூரம். நடுவில் ஒரு வலி வந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நின்றே அதைத் தாங்கினேன். கீழ்த் தாழ்ப்பாள் தண்ணீருக்குள் இருந்தது. குனிந்து கையை விட்டுத் தேடினேன். முகம் தண்ணீருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கதவு திறந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். "யா அல்லா" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் ஒரு நொடி வீணாக்கவில்லை. என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். இருபது லிட்டர் குடிதண்ணீர் கேன் மேடை மேல் இருந்தது. அதில் பாதியைக் கை கழுவியே காலி செய்தாள். கழுவிக் கழுவி முகர்ந்து பார்த்தாள். நாற்றம் போகவில்லை. மறுபடி கழுவினாள். நூல் வெட்டுகிற கத்தரியை கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டினாள்.

வலிக்கு இப்போது இடைவெளி இல்லை. கட்டிலுக்குக் கீழே தண்ணீர் சளக் சளக் என்று அடிக்கிறது. கூரையில் மழை. எனக்கு ஒரே எண்ணம்தான். கீழே விழக் கூடாது. பிள்ளை வழுக்கி இதற்குள் விழுந்துவிடக் கூடாது. சாக வேண்டுமானால் சுத்தமான இடத்தில் சாகட்டும், இந்தக் கழிசலில் வேண்டாம். அப்படித்தான் நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது?

ஒன்பது முப்பத்திரண்டு. பிள்ளை வந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்று. அழவில்லை. நீலம். அக்கா கொடியைத் தலை வழியாகக் கழற்றினாள். வாயில் விரல் விட்டு வழித்தாள். கவிழ்த்துப் போட்டு முதுகைத் தேய்த்தாள். ஊதினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் பாதி வந்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு நிஜ அழுகை.

"பொண்ணுடி! பொண்ணு!"

மதி.

கொடியை மெழுகு நூலால் கட்டினாள். ஷூ தைக்கிற நூல். நான் வெட்டி வைத்திருந்த லாட் நூல். இரண்டு முடிச்சு. நடுவில் வெட்டினாள்.

ஆம்புலன்ஸ் வந்து மெயின் ரோட்டில் நின்றுவிட்டது. சந்துக்குள் வர வழியில்லை. பத்து ஐந்துக்கு நான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்துக் கதவெல்லாம் இப்போது திறந்திருந்தது. அந்த நான்கு பேரில் முன்னால் வந்தவர் சேகர்.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவர் காலைப் பார்த்தேன். தொடை வரை ஏறும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். டேனரியில் எல்லாருக்கும் அது கிடையாது. தொட்டியில் இறங்குகிற ஆளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். அவர் அழுதுகொண்டு வந்தார். நான் பூட்ஸையே பார்த்தேன்.

நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். அக்கா பிள்ளையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதிச் சந்தில் ஒருவர் கால் குழிக்குள் போனது.

"புடி! புடி! சாயுது!"

சாய்ந்தது. இடுப்பு வரை அதற்குள் உட்கார்ந்தேன். பெற்ற உடம்பு. மூடாத புண். எழுப்பித் தூக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். மயிர் வயிற்றில் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதைத் துடைத்தெடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மேல் கோபமில்லை. எனக்கே என்னைத் தொடப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் வேலூருக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் ஆபரேஷன். சீழ் பிடித்துவிட்டது, கர்ப்பப்பையை எடுத்தால்தான் பிழைப்பாய் என்றார் டாக்டரம்மா. கையெழுத்துப் போட்டேன்.

சூப்பர்வைசர் பார்க்க வந்தார். ஒரு பை ஆப்பிள். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே வார்டுக்குள் வந்தார். மருந்து நாற்றமாம், ஒத்துக்கொள்ளாதாம். வாய் கூசாமல் சொன்னார்: "மழத்தண்ணிமா அது. ஊரு பூரா பூந்துச்சி. உனக்கு மட்டுமா?" அந்த ஆப்பிளை நான் தொடவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரிக்கும் கொடுக்க மனசில்லை. குப்பைத் தொட்டியில் போடச் சொன்னேன். தண்ணீரைச் சோதிக்கச் சந்துக்கு ஒரு ஆபீசர் வந்தாராம், பாட்டிலோடு. தண்ணீர் வடிந்து நான்கு நாளைக்குப் பிறகு. தெருக்குழாயில் பிடித்துக்கொண்டு போனாராம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் சேகர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

"நான்தான் தொறந்தேன். நம்ம சந்துக்கு வராதுன்னு நெனச்சேன், ரேவதி. எப்பவும் வந்ததில்லையே."

"எத்தினி சுத்து?"

கேள்வி அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

"வால்வு. எத்தினி சுத்து சுத்தின?"

"பதினாலு."

அந்தக் கையில் எத்தனை முறை சோப்புப் போட்டாலும் எனக்கு நாறுகிறது. அவர் என் தோளைத் தொட்டால் உடம்பு கூசுகிறது. பிள்ளையைத் தூக்கினால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போகிறார். நானும் இன்னும் தைக்கிறேன். மழைக்கு "தொறந்துட்டானுங்க" என்ற குரல் இப்போதும் வருகிறது. தாழ்ப்பாள் போடும் சத்தம் இப்போது எட்டு. ஷமீம் அக்கா மூடுவதில்லை. நானும் மூடுவதில்லை. சந்தில் இறங்கித் தொட்டிப் பக்கம் போய் நின்று போனில் வீடியோ எடுக்கிறோம். மூன்று எடுத்தாகிவிட்டது. அதில் ஒன்றில் சேகரின் பூட்ஸ் தெரிகிறது. அழிக்கச் சொல்லிக் கெஞ்சினார். அழிக்கவில்லை.

போனவற்றை எழுதி வைக்கிறேன். இருபது ஜோடி மேல்தோல், ஊறி அழுகியது. பாய் இரண்டு. தையல் பெட்டி ஒன்று. அம்மா கொடுத்த பட்டுப்புடவை ஒன்று, துணிப் பெட்டியின் அடியில் இருந்தது. என் வலது காது மந்தமானது, மருந்தாலா காய்ச்சலாலா தெரியாது. கர்ப்பப்பை ஒன்று.

ஸ்கேன் கவர் நனையவில்லை. அலமாரி மேல் இருந்தது. அதன் பின்பக்கம் பெயர் இரண்டு. பிள்ளை ஒன்று.