சின்னையா சுழற்கிண்ணம்

கிண்ணத்தில் எழுத்துச் செதுக்கும்போது மூச்சை உள்ளேயே பிடித்துக்கொள்ள வேண்டும், ஐயா. விட்டால் கை ஆடும். உலோகத்தில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது. அதனால் ஆங்கிலத்தையும் நானே சரிபார்த்துவிடுவேன். ஈப்போ புந்தோங்கில் என் கடைப் பெயர் அதனால்தான் நிற்கிறது.

'இன் லவ்விங் மெமரி ஆஃப்' என்பதைப் பலர் மரியாதைக்கு எழுதுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இறந்தவர் பெயருக்கு முன்னால் மட்டுமே வரும். உயிரோடு இருப்பவருக்கு 'இன் ஹானர் ஆஃப்'. எத்தனையோ கோயில் கமிட்டிக்காரர்களை உட்காரவைத்து இதை விளக்கியிருக்கிறேன்.

பீடோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஆண்டுதோறும் காற்பந்துப் போட்டி நடத்துவார்கள். செயலாளர் யுகேந்திரன் இந்த வருடக் கிண்ணத்துக்குச் சின்னையா என்ற பெயரையும், பின்னால் ஒட்ட ஒரு படத்தையும் கொடுத்தனுப்பினான். படத்தில் பெரியவர் கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் சந்தனப் பொட்டு. நம் வீடுகளில் மாலை போட்ட படம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். நான் கேட்கவில்லை. 'இன் லவ்விங் மெமரி ஆஃப்' என்றே செதுக்கிவிட்டேன்.

கிண்ணத்தை எடுக்க வந்த யுகேந்திரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, அது கோயில்ல மாலை போட்டு மரியாதை பண்ணப்ப எடுத்த படம்லா. மனுஷன் காலையிலதான் என்கூட ரொட்டி சானாய் தின்னாரு."

வேறு கிண்ணம் செய்து தருகிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்க நானே சின்னையாவைத் தேடிப் போனேன். ஈயம் தோண்டிய பழைய குட்டைக் கரையில் தனியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் சிரிப்புத்தான்.

"மாத்தாத தம்பி. ஞாயித்துக்கிழமை நான்தானே கிண்ணம் கொடுக்கிறேன். மைக்ல சொல்லப் போறேன், ஈப்போ கடைக்காரரு என்னைச் சாகடிச்சிட்டாருன்னு."

"எல்லார் முன்னாலயுமா?"

"பின்னே? தோட்டமே சிரிக்கட்டும்லா."

நிதானமாக யோசித்தேன். கிண்ணத்தை மாற்ற அவர் விடமாட்டார். எழுதியது அழியாது. அந்த வாக்கியம் சரியாவதற்கு ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. கரை வழுக்கலாக இருந்தது. அதை நான் உண்டாக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் யாரும் சிரிக்கவில்லை. என் எழுத்தை மைக்கில் வாசித்தபோது எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். யுகேந்திரன் மட்டும் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவன்தான் உங்களிடம் வந்திருப்பான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

முன்பகை ஏதாவது உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. 'லவ்விங்' என்றால் அன்போடு. அந்த வார்த்தையும் பொய்யாகிவிடக் கூடாதே. ஒரு கையால் அவர் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினேன். இன்னொரு கையால், அசைவு நிற்கும்வரை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன்.