ஒரு துளி சிந்தவில்லை

வைன் பாட்டிலைப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் துணியைச் சுற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. முதலில் மூடிமேல் இறுக்கமாக ஒரு சுற்று டேப். அப்புறம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை. அதற்கு மேல் தடித்த காலுறை. பெட்டியின் ஓரத்தில் வைக்கவே கூடாது. நடுவில் வைத்து நாலு பக்கமும் துணியைத் திணிக்க வேண்டும். மூடிவிட்டு ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. வந்தால் பிரித்து முதலிலிருந்து கட்ட வேண்டும். நான் பதினோரு வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கடையில் பார்சல் கட்டுகிறவள். என் கையால் கட்டியது ஒன்றுகூட உடைந்து திரும்பியதில்லை.

பெருமைக்குச் சொல்லவில்லை, மேடம். பாட்டிலைப் பற்றித்தானே முதலில் கேட்டீர்கள்.

இரண்டு பாட்டில். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. விமான நிலையத்தில் கேட்டார்கள். அன்பளிப்பு என்றேன், விட்டுவிட்டார்கள். வாங்கும்போது கடைக்காரர் கார்க் அடைத்ததா, திருகு மூடியா என்று கேட்டார். கார்க் என்றால் திறக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். என் தங்கை வீட்டில் அது இருக்காது. திருகு மூடியே கொடுங்கள் என்றேன்.

இருக்காது என்று எப்படித் தெரியும் என்றால், தங்கை கணவர் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் இருமல் மருந்தைக்கூட வீட்டில் வைக்க மாட்டாள். "ஒரு மூடி உள்ள போனாப் போதும்க்கா, அப்புறம் அவருக்கு நிறுத்தத் தெரியாது" என்று அவளே போனில் சொல்லியிருக்கிறாள். நல்ல மனிதர்தான். பஸ் பட்டறையில் மெக்கானிக். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார்.

அங்கே வளர்ந்த குழந்தை நான் பெற்றவள். அவளுக்கு மூன்று வயதாகும்போது எனக்கு நுரையீரலில் நோய் கண்டது. குழந்தையைப் பக்கத்தில் விடக் கூடாது என்றார் டாக்டர். அவள் அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கைதான் வெளிநாட்டிலிருந்து பறந்து வந்து தூக்கிக்கொண்டு போனாள். "நீ தேறி வா, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் தேறினேன். குழந்தை வரவில்லை. பள்ளிக்கூடம், பாஷை, தோழிகள் என்று வருஷத்துக்கு ஒரு காரணம். போன வருஷம் அவள் போனில் என்னைப் பெரியம்மா என்றாள். பக்கத்தில் இருந்த தங்கை திருத்தவில்லை. நான் பார்சல் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மாதம் தங்கை டிக்கெட் அனுப்பினாள். குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்கப் போகிறார்கள். வியாழக்கிழமை மூன்றரை மணிக்குக் குழந்தைகள் நல அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார். வெள்ளிக்கிழமை நான் கடைசிக் கையெழுத்தைப் போட வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் பிரித்த பாவி நானாகிவிடுவேன். ஆயுசுக்கும் குழந்தை என் முகத்தில் முழிக்க மாட்டாள். அதிகாரியே பார்த்து, இந்த வீடு சரியில்லை, பெற்றவளோடு போகட்டும் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தேன். ஒரு துளி சிந்தவில்லை. தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு வாங்கிட்டு வந்தேன் தம்பி, நீங்களே குடுத்துருங்க" என்று அவரிடம் நீட்டினேன்.

"ஏன்க்கா, என்னைச் சோதிக்கவா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அவகிட்டச் சொல்லாதீங்க, பயந்துருவா. நாளைக்கே குடுத்துடறேன்." டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்தார்கள், அடுத்த வாரம்தான் வருவார்கள். அது எனக்கு முன்பே தெரியும்.

டீ போட அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவர் கை கொஞ்சம் நிற்கும். நான் அடிக்கடி டீ கேட்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, துடைத்த சோபாவையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பூங்காவுக்குப் போகிறேன் என்று பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டரைக்குத் திரும்பினேன். சிவப்பு காலி. வெள்ளையில் பாதி இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "தப்புப் பண்ணிட்டேன்க்கா. அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" நம்ப மாட்டீர்கள், எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அப்போது தங்கை போன் செய்தாள். வேலையில் மாட்டிக்கொண்டாளாம், குழந்தையை நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள் என்றாள். அவர் தொண்டையைச் செருமிச் சரி என்றார். முகம் கழுவினார். கார் சாவியைத் தேடினார். பள்ளிக்கூடம் நடந்து போனால் கால் மணி நேரம். மூன்று நாளும் தங்கையோடு போய் வந்தவள்தான், வழி தெரியும். நான் போயிருக்கலாம். போனால் அவர் படுத்துத் தூங்கிவிடுவார், தங்கை வந்து அவருக்குக் காய்ச்சல் என்று அறைக் கதவைச் சாத்திவிடுவாள். அதிகாரி வாசலில் நிற்கும்போது அந்தக் கோலத்தில் இவர் குழந்தையோடு காரிலிருந்து இறங்கினால், அறிக்கையில் எழுத வேறெதுவும் வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

"எங்கக்கா வெச்சேன் சாவியை?" என்றார். சோபா இடுக்கில் கிடந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலு மணிக்குப் போன் வந்தது. பாலத்துத் தூணில் கார் மோதியிருந்தது.

அவர் பிழைத்துவிட்டார், ஒரு கால் போய்விட்டது. எல்லாம் தன் தப்பு என்றே போலீஸ்காரர்களான உங்களிடம் சொல்கிறாராம், என் பேரை எடுக்கவே இல்லையாம். அதைக் கேட்டுத்தான் நானாக வந்தேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் உடலை ஒப்படைக்க ஒரு படிவம் கொடுத்தார்கள். தங்கைதான் கை நீட்டினாள். தத்து இன்னும் முடியவில்லை, பெற்றவள்தான் போட வேண்டும் என்றார்கள். அம்மா என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்னை உள்ளே வையுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவளை ஊருக்குக் கொண்டுபோகும்போது விமானத்தில் சாமான்களோடுதான் வைப்பார்களாம். பெட்டியை வேறு யாரும் கட்ட வேண்டாம், நாலு பக்கமும் சரியாகத் திணிக்க மாட்டார்கள், உள்ளே ஆடும். நான் கட்டித் தருகிறேன். என் கைபட்டு எதுவும் உடைந்ததில்லை, மேடம்.