துருத்திக்குப் பிளாஸ்திரி ஒட்டிய எங்கள் பாட்டு டீச்சருக்கு

ஏழு சுரங்களையும் எண்ணற்ற மழலைகளையும் ஒரே வரிசையில் நிற்கவைத்த இசைச்செல்வமே! சிணுங்கி வந்த சின்னஞ்சிறு வாய்களைச் சிரிக்கவும் பாடவும் வைத்த சிந்தை இனியவரே! முழங்காலுக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஆர்மோனியத்தின் கிழிந்த துருத்திக்கும் ஒட்டி வைத்தியம் பார்த்த எங்கள் மருத்துவரே! வணக்கம்.

பாட்டுக்கெனத் தனியறை கேட்டீர்கள். விளையாட்டுச் சாமான் அறையில் பாதி கிடைத்தது. பந்துகளுக்கு நடுவே பாடம் நடத்தினீர்கள். பக்கத்து வகுப்பில் கணக்கு ஆசிரியர் தம்மையறியாமல் வாய்ப்பாட்டையும் ராகத்தோடு இழுத்தார். இன்றுவரை அவரை அந்தப் பழக்கம் விடவில்லை! பாட ஆசைப்படுகிற பிள்ளை மேடையேறும் என்பதே தங்கள் ஒரே சட்டம். அதனால் ஆண்டு விழாதோறும் மேடை பிதுங்கியது.

அந்தச் சட்டத்துக்கே ஒருமுறை சோதனை வந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, பட்டப்பெயர் தவளை. எந்தப் பாட்டானாலும் அவள் தொண்டையிலிருந்து ஒரே சுரம்தான் வரும், அதுவும் கட்டைக் குரலில். ஆனாலும் மேடையில் பாட வேண்டுமென்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆண்டு விழாவன்று அன்றைய தலைமையாசிரியர் பதறினார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு வாயை மட்டும் அசைக்கட்டும். சத்தம் வேணாம்."

"வாயை மட்டும் அசைக்கிறதுக்கு நம்ம ஸ்டாஃப் மீட்டிங் இருக்கே சார். பிள்ளைங்க பாடட்டும்."

கதவோரம் நின்று கேட்டுவிட்ட சிறுமிக்கு அழுகை முட்டியது. தாங்கள் குனிந்து அவள் காதில் சொன்னீர்கள்: "உன்கிட்ட ஒரு சுரம்தான் இருக்கா? அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. பாட்டு முடியிற வரைக்கும் விட்டுடாதே." வரிசையின் நட்டநடுவில் அவளை நிறுத்தினீர்கள்.

பாதிப் பாட்டில் பிளாஸ்திரி பிய்ந்தது. புஸ்ஸென்று காற்றுப் போய் ஆர்மோனியம் படுத்துவிட்டது. சுருதி போனதும் ஆளுக்கொரு பக்கம் குரல் ஓடியது. முன்வரிசைக் குட்டிகள் திருதிருவென விழித்தன. தாங்களோ பதறாமல் சிறுமியைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருந்த ஒரே சுரத்தை விடாமல் இழுத்தாள். சிதறிய குரல்கள் ஒவ்வொன்றாக அதைப் பற்றிக்கொண்டு திரும்பின. பாட்டு கரைசேர்ந்தது. முதலில் எழுந்து கைதட்டியவர் தலைமையாசிரியர்தான்! வீடு போகும்வரை அந்தச் சிறுமி தரையில் நடக்கவில்லை.

பண்பின் பெட்டகமே! பொறுமையின் பிறப்பிடமே! இன்று பணி ஓய்வு பெறும் தங்களைப் பிரிவது எங்களுக்குத் துன்பமே; மறைக்க மாட்டோம். காலை ஆற அமர எழுந்து, தேநீரை ஆறுமுன் அருந்தி, நோய்நொடியின்றி, வாய்நிறையப் பாடிக்கொண்டு பல்லாண்டு வாழ்க!

நாளைக் காலை இறைவணக்கத்துக்கு யார் சுருதி கொடுப்பார் என்று தாங்கள் கவலைப்படுவது எங்களுக்குத் தெரியும். அந்தக் கவலை வேண்டாம் டீச்சர். இந்த மடலை இவ்வளவு நேரம் வாசித்த இந்தக் கட்டைக் குரல், இன்று அதே மூன்றாம் வகுப்பின் ஆசிரியை. தாங்கள் பிடித்துக்கொள்ளச் சொன்ன சுரத்தை அவள் இன்னும் விடவில்லை.

இங்ஙனம்,
தங்கள் அன்பில் நனைந்த ஆசிரியர்கள், அலுவலர்கள்,
அவர்களோடு தவளை