அசேத்தோ குடும்பம்

எட்மண்ட்: குடிக்காதே லாசரஸ். முதல்ல மோந்து பார்க்கணும்.

லாசரஸ்: மோந்துட்டேன் அண்ணா.

எட்மண்ட்: அப்படி இல்ல. கிளாஸைச் சுத்தணும். இப்படி...

சரோஜினி: அத்தான், மேசை விரிப்பு. நேத்துதான் துவைச்சேன்.

எட்மண்ட்: இத்தாலிக் கறை சரோ. சேலையூர்ல எத்தனை வீட்டு விரிப்புல இருக்கும்? முன்னாடியே திறந்து வெக்கச் சொன்னேனே, வெச்சியா? ஒயின் மூச்சு விடணும்.

சரோஜினி: நீங்க குடுத்த அன்னைக்கே திறந்துட்டேன். நல்லா விட்டுச்சு. வீடு பூரா.

எட்மண்ட்: உங்க அக்காவும் வந்திருக்கலாம். நாலு விஷயம் தெரிஞ்சிருக்கும்.

சரோஜினி: பியூலா அக்காவுக்கு உங்க வயித்துக்குக் கஷாயம் போடவே நேரம் பத்தலையாம். போன மாசம் ஒரு வாரம் படுத்துட்டீங்களாமே?

எட்மண்ட்: அது... ஏதோ ஹோட்டல் சாப்பாடு. அதை விடு. லேபிளைப் பாரு. அசேத்தோ அல்யானிக்கோ. நேப்பிள்ஸ் துறைமுகத்துல பொறுக்கி எடுத்தது. அல்யானிக்கோங்கிறது திராட்சை. தெற்கு இத்தாலி. கறுப்பு. முரட்டு ஜாதி.

லாசரஸ்: அசேத்தோ?

எட்மண்ட்: குடும்பப் பேரு. முந்நூறு வருஷமா மலை பூரா அவங்க தோட்டம்தான். நம்ம பக்கத்து மிராசுதார் மாதிரி.

லாசரஸ்: இதெல்லாம் கப்பல் லாண்டரியில சொல்லிக் குடுத்தாங்களா?

எட்மண்ட்: லாண்டரிதான். இல்லேன்னு சொல்லலையே. கேப்டன் சட்டையில எந்த ஒயின் கொட்டியிருக்குன்னு கறையைப் பார்த்தே சொல்லுவேன்... சரோ, இதென்ன, பன்னிக்கறியா? மிளகாய் இல்லாம ஆட்டுத்தொடை வேக வெக்கச் சொன்னேனே. மிளகாய் பட்டா இந்த ஒயின் செத்துடும்.

சரோஜினி: ஒரு துண்டு சாப்பிடுங்க. அப்புறம் ஒரு வாய் குடிங்க.

எட்மண்ட்: ...ம்.

லாசரஸ்: செத்துடுச்சா?

எட்மண்ட்: இரு. அந்தக் கொழுப்பும் இந்தத் துவர்ப்பும்... அப்படியே கை கோத்துக்குது. அதான் நான் எப்பவும் சொல்றது, முரட்டு ஒயினுக்கு முரட்டுக் கறி.

சரோஜினி: ஆட்டுத்தொடைன்னீங்க.

எட்மண்ட்: அது ஆரம்பப் பாடம். கறியில இந்தப் புளிப்பு எப்படி? புளி கரைச்சு ஊத்தினியா?

சரோஜினி: புளி இல்ல. அப்புறம் சொல்றேன்.

எட்மண்ட்: விழுங்கினதும் ஒரு வாசனை வருது பாரு, கிராம்பு மாதிரி. அது எரிமலை மண்ணு.

சரோஜினி: அடியில லேசா கோதுமை?

எட்மண்ட்: கோதுமை... கரெக்ட். உன் புருஷனுக்கு இல்லேன்னாலும் உனக்கு நாக்கு இருக்கே. நீ ஏன் இருமறே லாசரஸ்?

லாசரஸ்: எரிமலை அண்ணா.

சரோஜினி: அப்போ அந்த நாக்கை நம்பி, என் திராட்சை ஒயினையும் நம்ம சர்ச் அறுப்பின் பண்டிகை ஏலத்துல சேருங்க. லிஸ்ட் உங்க பையிலதானே இருக்கு?

எட்மண்ட்: தொண்ணூத்தொண்ணு ஏலத்துலயே சொல்லிட்டேன்...

சரோஜினி: சொன்னீங்க. மைக்ல. 'இது இருமல் மருந்து'ன்னு. சபையே சிரிச்சுது. பாட்டிலை மேசைக்கு அடியில தள்ளினீங்க. அந்த வருஷம் பூரா தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் நான் சிரப் டீச்சர்.

எட்மண்ட்: செயலாளர்னா தரம் பார்க்கணும்மா. இதைக் குடிச்ச நாக்கால அதைப் போய்... சரி, தரம்னா என்னன்னு காட்டறேன். மீதி பாட்டிலை நானே ஏலத்துக்குத் தர்றேன். முதல் ஐட்டம். இப்பவே எழுதறேன்.

சரோஜினி: பேனாவுல எழுதுங்க அத்தான். 'இந்த பாட்டிலில் உள்ள ஒயின்'னு.

எட்மண்ட்: 'இந்த பாட்டிலில் உள்ள ஒயின். மிக உயர்ந்த தரம். நானே ருசி பார்த்தது. எட்மண்ட், செயலாளர்.' போதுமா?

சரோஜினி: தேதி?

எட்மண்ட்: போட்டாச்சு.

சரோஜினி: தந்தவர்ங்கிற இடத்துல சரோஜினின்னு போடுங்க.

எட்மண்ட்: நீ எதுக்கு?

சரோஜினி: பாட்டில் உங்களுது. உள்ள இருக்கிறது நான் ஆகஸ்ட்ல ஜாடியில போட்டது. பன்னீர் திராட்சை, சர்க்கரை, நாலு கிராம்பு, ஒரு பிடி கோதுமை.

லாசரஸ்: எரிமலை எங்க சமையல் மேடைக்கு அடியில இருக்கு அண்ணா. பார்க்கறீங்களா?

எட்மண்ட்: ...அப்போ என் அல்யானிக்கோ?

சரோஜினி: சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களே. கறியில.

எட்மண்ட்: கறியில ஊத்தினியா? முந்நூறு வருஷமா அந்த அசேத்தோ குடும்பம்...

சரோஜினி: திறந்ததும் மூக்கு எரிஞ்சுது. படப்பை கான்வென்ட்ல ஒரு இத்தாலி சிஸ்டர் இருக்காங்க. லேபிளைக் காட்டினேன். அசேத்தோன்னா குடும்பம் இல்ல அத்தான். காடி. ஊறுகாய்க்கு ஊத்தற வினிகர்.

லாசரஸ்: என்ன அண்ணா, பேனாவைத் திரும்ப எடுக்கறீங்க?

எட்மண்ட்: நான் வாங்கினது ரெண்டு பாட்டில் சரோ. இன்னொன்னை போன மாசம் பாஸ்டர் பிறந்தநாளுக்கு எடுத்துட்டுப் போய், ஆளுக்கு மூணு கிளாஸ்... அவர் முகம் கோணிச்சு. நான்தான் 'துணிச்சலான ஒயின், விடாதீங்க'ன்னேன். அந்த ஞாயிறு பிரசங்கம் பத்தே நிமிஷத்துல முடிஞ்சுதே, ஞாபகம் இருக்கா?... இந்தா, உன் பேரைப் போட்டுட்டேன். மைக்லயும் நானே சொல்றேன். அசேத்தோ யாருன்னு மட்டும் பாஸ்டருக்குச் சொல்லிடாதே.