பிழையாய்ச் சொன்ன பாட்டு

மல்வேர்ன் போகும் பஸ்ஸில், முதியோர் இல்லச் சீருடையோடு எனக்கு முன்சீற்றில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "அக்கா, இண்டைக்குப் பாட்டை வேணுமெண்டே பிழையாச் சொன்னன். மனுசன் திருத்தேல்லை."

"ஆர், நீ பாக்கிற அந்த ஸ்கொட்லாந்துக் கிழவரோ?"

"ஓம். நான் வரியை மாத்திச் சொன்னா, கோவத்திலை வாய் திறந்து சரியாச் சொல்லிக் காட்டுவார். பிறகு சிரிச்சுக்கொண்டு ஓட்ஸ் கஞ்சி குடிப்பார். ரெண்டு வருசமா உப்பிடித்தான் சாப்பாடு. இப்ப மூண்டு நாளா வாயே திறக்கேல்லை. நாளைக்குச் சாப்பாட்டுக்கு ரியூப் போடுறதோ எண்டு அவற்றை மகளிட்டைக் கேக்கப்போகினம்."

"உனக்கு உந்தப் பாட்டு விளங்குதோடி?"

"அரைவாசி விளங்காது. நாங்கள் பேசுற இங்கிலீசு இல்லை, அவையின்ரை ஊர்ப் பாஷை. பள்ளிக்கூடத்திலை பேசினா அடி விழுமாம். தகப்பன் மாட்டுக்கொட்டிலுக்கை வைச்சுச் சொல்லிக்குடுத்தவராம். சந்தம் அப்பிடி, அக்கா. சட்டி கழுவேக்கையும் என்ரை வாயிலை வருது."

"தேவாரமே பாடமாக்காதவள்!"

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். யன்னலில் உருகிய பனி கோடு கோடாய் இறங்கியது. மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. பார்த்தாள், எடுக்கத் தயங்கினாள், பிறகு காதில் வைத்தாள்.

"என்னவாம்?" மற்றவள் அவள் கையைப் பிடித்தாள்.

"வேலையிலை நிக்கிற புதுப் பிள்ளை. மனுசன் விளங்காத பாஷையிலை கத்துறாராம், பயமாக் கிடக்காம்."

பின்னால் கேட்ட கிழவரின் குரலை, போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். அவளுடைய உதடுகளும் கூடவே அசைந்தன.

"ரெண்டாம் வரி," என்றாள். "நான் பிழையாச் சொன்ன வரி. திருத்துறார்."

பிறகு போனுக்குச் சொன்னாள்: "கஞ்சியைச் சூடாக்கி வையும் பிள்ளை, நான் திரும்பி வாறன்."

எழும்பி, மணிக்கயிற்றை இழுத்தாள்.